ஒரு சொட்டும் குடிக்காத ஆவாரை

மேகங்கள் எல்லாம் வழி மறந்து போயிருந்த ஒரு காலத்திலே, வெகு வெகு காலத்துக்கு முன்னாலே, செம்பாறை நாடு என்று ஒரு நாடு இருந்தது. மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை. ஆறு மணலானது. ஏரி விளையாட்டுத் திடலானது. கிணற்றில் வாளியை விட்டால் கல்லில் இடிக்கும் சத்தம்தான் கேட்டது.

அப்போதுதான் அந்த ஊருக்கு ஒரு மந்திரவாதி வந்தான். அவன் பெயர் நீர்கட்டி. இடுப்பில் ஒரு செப்புக் குடம் வைத்திருந்தான். அதைச் சாய்த்தால் தண்ணீர் வரும். சாய்த்துக்கொண்டே இருந்தால் வந்துகொண்டே இருக்கும்.

ராஜா ஓடி வந்து அவன் காலில் விழாத குறைதான். "என் ஜனங்களுக்குத் தண்ணீர் கொடு. நீ என்ன கேட்டாலும் தருகிறேன்."

"பெரிதாக ஒன்றும் வேண்டாம்" என்றான் நீர்கட்டி. "வீட்டுக்கு ஒரு குடம் தினமும் தருகிறேன். பதிலுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் தரும் கொடியை வளர்க்க வேண்டும். கொடி வாடக் கூடாது. அவ்வளவுதான்."

அழகான கொடி அது. கண்ணைப் பறிக்கும் நீலத்தில் கை அகலப் பூ பூத்தது. ஜனங்கள் சந்தோஷமாக நட்டார்கள். ஆனால் அந்தக் கொடிக்கு எத்தனை ஊற்றினாலும் தாகம் தீரவில்லை. முதல் மாதம் ஒரு செம்பு குடித்தது. அடுத்த மாதம் அரைக் குடம் குடித்தது. அதற்கடுத்த மாதம் முக்கால் குடம் குடித்தது. மிச்சம் இருந்ததைத்தான் வீட்டில் உள்ளவர்கள் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

கொடி வாடினால் என்ன ஆகும் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. எந்த வீட்டில் கொடி வாடியதோ, அந்த வீட்டில் ஒருவருடைய உடம்பு பாதத்திலிருந்து மண்ணாகத் தொடங்கியது. மாதம் ஒரு சாண். எண்சாண் உடம்புக்கு எட்டு மாதம். எட்டாவது மாதம் அவர்கள் வாசலில் நிற்கும் மண் பொம்மை ஆனார்கள். இரண்டு வருஷத்தில் அப்படி எழுபது பேர் நின்றார்கள்.

அந்த ஊரில் கல் உடைக்கும் பேச்சிமுத்து என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி காத்தாயி. ஒரு நாள் உச்சி வெயிலில் அவர்கள் வீட்டு முன்னால் வண்டி மாடு ஒன்று சுருண்டு விழுந்தது. வாயில் நுரை தள்ளியது. கண் செருகியது. பேச்சிமுத்து உள்ளே பார்த்தான். குடத்தில் இருந்தது கொடிக்கான தண்ணீர் மட்டும்தான். மாட்டைப் பார்த்தான். குடத்தைத் தூக்கி வந்து மாட்டின் வாயில் ஊற்றிவிட்டான்.

மாடு எழுந்து நின்றது. சாயங்காலத்துக்குள் கொடி வாடியது. மறுநாள் காலை பேச்சிமுத்து பாயை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தான். வாசலைத் தாண்ட முடியவில்லை. பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிச் செம்மண்ணாகியிருந்தன.

காத்தாயி கத்தவில்லை. நேராக அரண்மனை வாசலுக்குப் போனாள். ராஜா பக்கத்தில் நீர்கட்டி உட்கார்ந்திருந்தான்.

மந்திரக் கட்டுக்கு ஒரு விதி உண்டு. கட்டைப் போட்டவனிடம் அதை அவிழ்க்கும் வழியை மூன்று முறை கேட்டால் அவன் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல மறுத்தால் கட்டு தானே அறுந்துவிடும். இதை நீர்கட்டி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. காத்தாயிக்கும் தெரியாது. ஆனால் அவள் பிடித்த பிடியை விடாதவள்.

"என் புருஷனை எப்படி மீட்கிறது?" என்றாள்.

"வீட்டுக்குப் போ, பெண்ணே."

"என் புருஷனை எப்படி மீட்கிறது?"

"காவலா, இவளை வெளியே தள்ளு."

காவலன் கையைப் பிடிக்க வந்தான். அவள் தூணைக் கட்டிக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டாள். "என் புருஷனை எப்படி மீட்கிறதுன்னு சொல்லு!"

நீர்கட்டியின் முகம் கறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நான் தந்த தண்ணீரில் ஒரு சொட்டும் குடிக்காமல் உன் வாசலில் ஒரு பூ மலர வேண்டும். உன் கையால் விதைத்த பூவாக இருக்க வேண்டும். மலர்ந்தால் அவன் மட்டும் அல்ல, நிற்கிற எல்லாரும் எழுவார்கள். எட்டாவது மாதம், தை கடைசி நாள், மண் அவன் இரண்டு கண்ணையும் மூடுவதற்குள் மலர வேண்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "இந்த ஊரில் தண்ணீர் இல்லாமல் பூக்கிற பூ ஏது?"

காத்தாயி அங்கிருந்தே தேடக் கிளம்பினாள். மல்லிகை கருகியிருந்தது. அரளி கருகியிருந்தது. ஊரைத் தாண்டிப் பொட்டலுக்குப் போனாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சரளைக் கல். அதன் நடுவே, யாரும் நடாமல், யாரும் ஊற்றாமல், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. ஆவாரை!

செடியின் உச்சியில் ஒரு ஓணான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. காத்தாயி செடியைப் பிடுங்கக் கை வைத்ததும் அது பேசியது.

"பிடுங்காதே, பிடுங்காதே. சொன்னால் கேட்க மாட்டாய்."

"என் புருஷன் மண்ணாகிக்கிட்டு இருக்காரு. வழியை விடு."

வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்து வந்து, நெம்பி, இழுத்து, ஒரு வழியாகச் செடியைப் பெயர்த்துக்கொண்டு ஓடினாள். வாசலில் நட்டாள். மூன்றாம் நாள் இலை உதிர்ந்தது. ஏழாம் நாள் குச்சி ஆனது. ஒரு மாதம் போனது. மண் ஒரு சாண் ஏறியது.

திரும்பப் பொட்டலுக்கு ஓடினாள். ஓணான் கொஞ்ச தூரத்தில் நின்ற இன்னொரு ஆவாரஞ்செடியில் இருந்தது.

"செத்துப்போச்சு!" என்றாள்.

"அது தண்ணீரைத் தேடி ஆணிவேரை இந்தப் பாறை இடுக்கில் எத்தனை ஆழம் விட்டிருந்தது தெரியுமா? நீ பாதியில் அறுத்துவிட்டாய். வேரை அறுத்த பிறகு அது எதைக் குடிக்கும்? உன் கையால் விதைத்த பூ என்றுதானே அவனும் சொன்னான்?"

காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். செடியில் தட்டைத் தட்டையாகக் காய்கள் தொங்கின. காற்றில் கிலுகிலு என்று ஆடின. மடி நிறையப் பறித்தாள். வாசலில் கல் சில்லுகளைக் குவித்து, செம்மண் கலந்து, சிறிய மேடு கட்டினாள். விதைத்தாள். காத்திருந்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்னொரு மாதம் போனது. மண் இன்னொரு சாண் ஏறியது. பேச்சிமுத்துவுக்கு முழங்கால் வரை மண்.

"காத்தாயி, அந்த விதையைக் கொஞ்சம் காட்டு" என்றான் அவன். அவள் மேட்டைக் கிளறி ஒரு விதையை எடுத்துக் கொடுத்தாள். விதைத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. அவன் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தான். நகத்தால் கீறிப் பார்த்தான்.

"புள்ள, இது விதை இல்ல, கல்லு. ஈரம் எப்படி உள்ள போகும்? கல்லை நான் எப்படி உடைப்பேன்? முதல்ல ஒரு கீறல் போடுவேன். கீறல் விழுந்துட்டா மிச்சத்தை அதுவே பார்த்துக்கும். சொரசொரப்பான சில்லுல ரெண்டு பக்கமும் தேய்."

"நசுங்கிட்டா?"

"அம்மி அரைக்கிற மாதிரி அரைக்காத. மேல்தோல் மட்டும் போகணும்."

இருவருமாக உட்கார்ந்தும் நின்றும் விதைகளைத் தேய்த்தார்கள். ஆவணி பிறந்திருந்தது. விடியற்காலையில் பாறைமேல் ஒரு மெல்லிய பனி படியும். காத்தாயி தன் பழைய புடவையை அங்கே விரித்துப் போட்டு, வெயில் ஏறும் முன் சுருட்டி வந்து பிழிவாள். நாலு சொட்டு விழும். சில நாள் ஐந்து. அந்த ஈரத் துணியிலேயே விதைகளை மூன்று நாள் முடிந்து வைத்தாள். பிறகு மேட்டில் விதைத்தாள். ஆறாம் நாள் விரல் நகம் அளவில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது.

"மாமா!" என்று கத்தினாள்.

"பார்த்துட்டேன்" என்றான் பேச்சிமுத்து. அவன் இடத்தை விட்டு நகர முடியாததால் விடியலிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வரட்டும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறான்.

முளை இரண்டிலை விட்டது, நாலிலை விட்டது. செய்தி அரண்மனைக்குப் போனது.

நீர்கட்டி முதலில் அனல் காற்றை அனுப்பினான். மூன்று நாள் அடித்தது. கூரை ஓலைகள் கருகின. நாய்கள் சாக்கடைக் குழிக்குள் புகுந்து படுத்தன. ஆவாரங்கன்று தன் சின்ன இலைகளை மடித்துக்கொண்டது. நான்காம் நாள் காற்று ஓய்ந்ததும் விரித்தது. அதன் வேர் அதற்குள் கல் இடுக்குகளில் புகுந்து கீழே கீழே போய்க்கொண்டிருந்தது.

புரட்டாசி போனது. ஐப்பசி போனது. மாதம் ஒன்று போக, மண் ஒரு சாண் ஏறியது. பேச்சிமுத்துவுக்கு நெஞ்சு வரை வந்துவிட்டது. மூச்சு விடுவது சிரமமானது. காத்தாயிதான் தன் பங்குத் தண்ணீரில் பாதியை அவன் வாயில் ஊற்றினாள். ஊற்றும்போது செடிக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நின்று ஊற்றினாள். தவறி ஒரு சொட்டு சிந்திவிடுமோ என்ற பயம்.

இரண்டாவது முறை நீர்கட்டி காற்றை அனுப்பவில்லை. ஒரு மனுஷியை அனுப்பினான்.

பக்கத்து வீட்டுச் சுப்பக்காளின் மகன் அவள் வாசலில் ஒரு வருஷமாக மண் பொம்மையாக நின்றுகொண்டிருந்தான். நீர்கட்டி அவளிடம் வந்து, "அந்தச் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்று. உன் மகன் நாளைக்கே நடப்பான்" என்றான்.

காத்தாயி பாறையிலிருந்து பனித்துணியோடு திரும்பியபோது சுப்பக்காள் மேட்டருகே குனிந்து நின்றாள். கையில் செம்பு. சாய்ந்த செம்பு. தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து கத்தப் பார்த்தான். நெஞ்சில் மண் அழுத்தியதால் குரல் எழும்பவில்லை.

காத்தாயி ஓடவில்லை. ஓடினால் அவள் பதறி ஊற்றிவிடுவாள். நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"அக்கா, தம்பியை விடுறேன்னு சொன்னானா?"

சுப்பக்காள் செம்பை எடுக்காமலே சொன்னாள். "நாளைக்கே நடப்பான்னு சொன்னான்டி."

"எனக்கும் அப்படிச் சொல்லியிருந்தா நானும் செம்போட வந்திருப்பேன், அக்கா. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க வீட்டுக் கொடி நாளைக்குத் திரும்ப வாடினா? அடுத்து நீங்களா, தம்பியா?"

சுப்பக்காள் தன் வாசலில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு செம்பை மெல்ல நிமிர்த்தி, மூன்று அடி பின்னால் வந்து, அதைக் காத்தாயியின் கையில் கொடுத்தாள்.

"நீ குடி. உதடு வெடிச்சுக் கிடக்கு உனக்கு."

மார்கழி முடிந்தது. மண் பேச்சிமுத்துவின் கழுத்துக்கு வந்தது. செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது. தை பாதியானபோது கிளை நுனியில் பட்டாணி அளவில் ஒரே ஒரு மொட்டு கட்டியது. அன்றைக்கே மண் பேச்சிமுத்துவின் உதட்டை மூடியது. அவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை "மொட்டு" என்பதுதான்.

இப்போது நீர்கட்டி பயந்தான். பயந்தவன் செய்கிற காரியத்தைச் செய்தான். அரண்மனை மேல்மாடத்தில் ஏறி, செப்புக் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, மந்திரத்தைச் சொன்னான். இத்தனை வருஷமாக மேகத்தையே பார்க்காத ஊரில் கன்னங்கரேல் என்று ஒரு மேகம் கிளம்பியது. அது வேறெங்கும் போகவில்லை. நேராகக் காத்தாயி வீட்டு வாசலுக்கு மேல் வந்து நின்றது.

காத்தாயி அண்ணாந்து பார்த்தாள். மழை! ஊரே ஏங்கிக் கிடந்த மழை. அதில் ஒரு சொட்டு செடியின் வேரில் பட்டால் எல்லாம் முடிந்தது. அது அவன் தண்ணீர்.

புடவைத் தலைப்பை விரித்துச் செடியின்மேல் கவிழ்ந்து படுத்தாள். இடி இடித்தது. "அக்கா! அக்கா!" என்று அலறினாள்.

சுப்பக்காள் எட்டிப் பார்த்தாள். ஒரு கணம்தான். தெருவில் இறங்கித் தொண்டை கிழியக் கத்தினாள்: "குடம் உள்ளவங்க குடம் கொண்டு வாங்க! பானை உள்ளவங்க பானை கொண்டு வாங்க! ஒண்ணும் இல்லாதவங்க கையைக் குவிச்சுக்கிட்டு வாங்க! காத்தாயி வாசல்ல மழை வருது, ஒரு சொட்டு தரையில விழக் கூடாது!"

தாகத்தில் கிடந்த ஜனம் அல்லவா? குடம் வந்தது. பானை வந்தது. தொட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் சட்டி வந்தது. நாலு பேர் கூண்டு வண்டியின் கூண்டைக் கழற்றித் தூக்கி வந்து செடிக்கு மேல் கவிழ்த்தார்கள். இன்னும் நாலு பேர் மேட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டித் தெருப்பக்கம் வடிகால் வெட்டினார்கள். மற்றவர்கள் தோளோடு தோள் ஒட்டி, தலைக்கு மேல் பாத்திரத்தைத் தூக்கி நின்றார்கள். மழை கொட்டியது. பாத்திரங்கள் நிரம்பின. நிரம்பியதைப் பின்னால் கொடுத்து, காலியானதை முன்னால் வாங்கினார்கள். கூண்டின் இடுக்கில் கசிந்த சொட்டுகளைக் காத்தாயி தன் முதுகிலும் உள்ளங்கையிலும் வாங்கினாள்.

நீர்கட்டி குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தான். ஜனங்கள் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் குடத்துக்குள்ளிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. காலி. மேகம் கலைந்தது. கூண்டைத் தூக்கிப் பார்த்தார்கள். செடியின் அடியில் மண் காய்ந்து பொடிப்பொடியாக இருந்தது.

ஆனால் மொட்டு இன்னும் விரியவில்லை. நாட்கள் போயின. தை கடைசி நாள் விடிந்தது.

பேச்சிமுத்துவின் முகத்தில் இரண்டு கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. சூரியன் எழ எழ மண்ணும் எழுந்தது. இடது கண் மூடிவிட்டது. ஊரே வாசலில் நின்றது. ராஜாவும் வந்திருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீர்கட்டி வந்தான். உதடு காய்ந்திருந்தது.

"பெண்ணே, கேள். அந்த மொட்டைக் கிள்ளி என்னிடம் கொடு. உன் புருஷன் இந்தக் கணமே எழுவான். இல்லையென்றால் இன்னும் நாலு மூச்சில் அந்தக் கண்ணும் போய்விடும். மொட்டு உனக்காகக் காத்திருக்காது."

"மத்தவங்க?"

"மற்றவர்கள் உனக்கு யார்?"

காத்தாயியின் கை மொட்டை நோக்கிப் போனது. ஆம், போனது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு விரலும் காம்பைத் தொட்டன. சுப்பக்காள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். காத்தாயி பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவனுடைய ஒற்றைக் கண் அவளைப் பார்க்கவில்லை. மொட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அது முளைத்த நாளில் பார்த்தது போலவே, பொறுமையாக.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"மாட்டேன்" என்றாள். "எழுந்தா எல்லாரும் எழணும்."

மண் இமையைத் தொட்டது. கண் பாதி மூடியது. முக்கால் மூடியது. நூலளவு வெளிச்சம் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் வெயில் கூரை விளிம்பைத் தாண்டி மேட்டின்மேல் விழுந்தது. மொட்டின் நுனி லேசாகப் பிரிந்தது. ஒரு இதழ். இரண்டு இதழ். ஐந்து இதழும் விரிந்து, பளீர் என்று மஞ்சளாக ஆவாரம்பூ மலர்ந்தது.

பேச்சிமுத்துவின் நெற்றியில் கீறல் ஒன்று விழுந்தது. அது கன்னம், கழுத்து, நெஞ்சு என்று ஓடியது. பொலபொல என்று மண் உதிர்ந்தது. அவன் இருமிக்கொண்டே முன்னால் சாய, காத்தாயி தாங்கிப் பிடித்தாள். அடுத்த வாசலில் ஒரு பையன் தும்மினான். சுப்பக்காள் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. தெருத் தெருவாக எழுபது பேரும் உடம்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்த நேரமே ஊரில் இருந்த நீலக் கொடிகள் எல்லாம் கறுத்துச் சுருண்டன. தரைக்கு அடியில் குபுகுபு என்று சத்தம் கேட்டது. கிணறுகளில் தண்ணீர் ஏறியது! அப்போதுதான் ஜனங்களுக்குப் புரிந்தது. கொடிகளின் வேர்தான் கிணற்றுக்கு எட்டாத ஆழத்தில் இருந்த ஊர் ஊற்றை உறிஞ்சி அவன் குடத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவன் தந்ததாகச் சொன்ன தண்ணீர் அவர்களுடைய தண்ணீர்தான். திரும்பிப் பார்த்தார்கள். நீர்கட்டி நின்ற இடத்தில் ஒரு புழுதிச் சுழல் சுற்றியது. அது சுற்றிக்கொண்டே ஊரைத் தாண்டிப் போனது. திரும்பி வரவில்லை.

காத்தாயி வீட்டுக்குள் போனாள். பாயை விரித்தாள். படுத்தாள். தூங்கிவிட்டாள்.

ஒரு நாள் தூங்கினாள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாளும் தூங்கினாள். அந்த மூன்று நாளும் அந்தத் தெருவில் யாரும் செருப்புப் போட்டு நடக்கவில்லை. சண்டைக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். கிணற்று ராட்டினம் கிரீச்சிடாமல் இருக்க அதில் எண்ணெய் விட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ராஜா மேளதாளத்தோடு வந்தார். தெரு முனையிலேயே சுப்பக்காள் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினாள். ராஜா மட்டும் வெறுங்காலோடு வாசலுக்கு வந்தார். வாசற்படியில் பேச்சிமுத்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"காத்தாயிக்கு நூறு காணி நிலமும் பட்டும் கொண்டு வந்திருக்கிறேன்" என்றார் ராஜா.

பேச்சிமுத்து உதட்டில் விரலை வைத்தான். "தூங்குறா, மகராசா. எழுந்ததும் சொல்றேன்."

ராஜா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் வாசலின் இன்னொரு ஓரத்தில் போய், வெயிலில், தரையிலே உட்கார்ந்தார்.

அவள் எழுந்தாள், நிலம் பெற்றாள், நெடுநாள் வாழ்ந்தாள். செம்பாறை நாட்டில் அதற்குப் பிறகு ஆவாரை பூக்காத வாசலே இல்லை. சொன்ன எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கேட்ட உங்கள் வீட்டுக் கிணறு என்றும் வற்றாமல் இருக்கட்டும்.